எழுத்தோடு ஓடிய ஒரே ஆட்டம்

இரணியலில் போர்டு எழுதும் முத்துநாயகத்துக்குக் காது கேட்காது. ஊரில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியும் விடுவார்கள். நான் மீதியையும் எழுத நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஃபாரம் முடித்த பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. எங்கள் வீடு அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் கண்டது; பாதி அவர் மனைவி செல்லக்கனி அக்கா எனக்குச் சொன்னது.

அவர் பிறவிச் செவிடர் இல்லை. பதினாறு வயது வரை நன்றாகக் கேட்டது. அப்போது படங்கள்தான் பேசாது. நடிகர்கள் வாயை அசைப்பார்கள், பிறகு திரையில் எழுத்து வரும். கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முத்துநாயகத்துக்குக் கணீரென்ற குரல். எழுத்து வந்ததும் எழுந்து நின்று கொட்டகை முழுவதற்கும் வாசிப்பாராம். தக்கலையில் கொட்டகை போட்டவர்கள் அவரிடம் டிக்கெட் கேட்டதே இல்லை. “வாசிப்புக்காரன் வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் படத்தைத் தொடங்குவார்களாம்.

பிறகு அவருக்கு விஷஜுரம் வந்தது. நாற்பது நாள் கிடந்து எழுந்தபோது காது போயிருந்தது. கொஞ்ச காலத்தில் படங்கள் பேசத் தொடங்கின. எழுத்து நின்றுபோயிற்று.

செல்லக்கனி அக்கா பேசினால் மட்டும் உதட்டைப் பார்த்து அவருக்குப் புரியும். மற்றவர்கள் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் பேசுவது நமக்கு விளங்கும். ஆனால் தன் சத்தம் தனக்குத் தெரியாததால் ரகசியத்தைக்கூடச் சந்தையில் மீன் விற்கிற மாதிரி சொல்வார். இவ்வளவு ஆன பிறகும் அவர் படத்துக்குப் போவதை விடவில்லை. கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே மூங்கில் தட்டி. அவருக்குப் படத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

அதனால் அவர் பாட்டுப் புத்தகத்தை நம்பினார். கொட்டகை வாசலில் விற்கும் அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். யார் சாவார், யார் பிழைப்பார் என்ற இடம் வந்ததும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். முத்துநாயகம் வெள்ளித்திரையில் போய்ப் பார்ப்பார். அவருக்கு மீதி அங்கே இருக்காது. வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. நூறு கதைக்கு மேல் இருக்கும், எல்லாம் பாதிக் கதைகள்.

மீதியை மறுநாள் காலையில் அடுப்பங்கரையில் அக்கா சொல்வார். அக்காவுக்கு நல்ல ஞாபகசக்தி. ஒரு படத்தை நாலு தடவை பார்த்தால் வசனம் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வார். ஒருநாள் சொல்லி முடித்ததும் முத்துநாயகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

“நாந்தான் எல்லாம் சொல்லித் தாறேன் இல்லியா? பொறவு என்ன குறை?” என்று அக்கா கேட்டார்.

“நீ சொல்லுதது ஒனக்க படமாக்கும். எனக்க படம் இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒண்ணில்ல பிள்ளே. நேத்து அந்தத் தடியன் என்னவோ சொன்னான். கொட்டகையே குலுங்கிச்சு. பக்கத்துல இருந்தவன் எனக்க தொடையில அடிச்சுச் சிரிச்சான். நானும் பல்லைக் காட்டினேன். இப்போ நீ சொன்ன பொறவுதான் எனக்குச் சிரிப்பு வருது. அடுப்பு முன்ன குத்தவச்சு ஒத்தைக்குச் சிரிக்கதுக்கு எனக்கு என்னத்துக்கு டிக்கெட்? எல்லாரும் சிரிக்கும்போ எனக்கும் சிரிக்கணும். ஒரு தடவை மதி, அது போரும்.”

இந்த ஒரு தடவைக்காகத்தான் அவர் அடுத்த இரண்டு வருடமும் அலைந்தார்.

வழி அவர் தொழிலிலேயே இருந்தது. கடைப் போர்டும் வண்டி நம்பரும் எழுதுவதோடு, கொட்டகையில் இடைவேளையில் காட்டும் விளம்பர ஸ்லைடுகளையும் அவர்தான் எழுதுவார். உள்ளங்கை அளவு கண்ணாடியில் விளக்குக் கரியைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் ஊசியால் எழுத்தைக் கீறுவார். வெளிச்சம் எழுத்தின் வழியாக மட்டும் போகும். திரையில் வெள்ளை எழுத்து தெரியும். வேலை முடிந்தால் தண்ணீரில் கழுவி அடுத்த கடைக்கு எழுதலாம். ஜவுளிக்கடையின் பெயரை இப்படிக் காட்ட முடியுமானால், கதாநாயகி பேசுவதையும் ஏன் காட்டக்கூடாது என்று நினைத்தார். திரைக்குப் பக்கத்தில் ஒரு வேட்டியைக் கட்டி, வேறொரு விளக்கிலிருந்து அதில் எழுத்தை விழச் செய்தால் போதும்.

முதலில் மதராஸில் உள்ள மூன்று படக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். செவிடர்களுக்காகப் படத்திலேயே எழுத்தைச் சேர்த்து ஒரு பிரதி அனுப்பினால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டிருந்தார். இரண்டு கம்பெனி பதில் போடவில்லை. மூன்றாவது கம்பெனி ஒரு நடிகையின் புகைப்படத்தைக் கையெழுத்தோடு அனுப்பியது. ரசிகர் கடிதம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்ததாக, திங்கள்சந்தைக்குப் பக்கத்து வயலில் கொட்டகை போடும் குமாரதாஸிடம் போனார். அவர் கொப்பரை வியாபாரி. அறுவடை முடிந்ததிலிருந்து வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கும் வரை படம் காட்டுவார். செல்லக்கனி அக்காவும் கூடப் போனார், குமாரதாஸ் சொல்வதை உதட்டில் திருப்பிச் சொல்வதற்காக.

“வேய் முத்துநாயகம், ஒம்ம ஒருத்தனுக்காவ நான் திரைக்குப் பக்கத்துல வேட்டி காயப்போடணுமா?” என்று குமாரதாஸ் சிரித்தார்.

“ஒருத்தன் இல்ல மொதலாளி. காது கேக்காதவன் ஊருக்கு ரெண்டு பேரு உண்டு. அவனுவ படத்துக்கு வராததுக்குக் காரணம் இதாக்கும்.”

“அப்பிடியா? ஒரு பத்து பேரைக் கூட்டிட்டு வாரும். வந்தா ஒரு ஆட்டம் தாறேன்.”

முத்துநாயகம் பத்துப் பேரைத் தேடிப் புறப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையில் சிலேட்டும் மாதிரிக்கு ஒரு ஸ்லைடும் போட்டுக்கொண்டு கிளம்புவார். அருமனையில் கிராம வரி வசூலித்து, வேலையிலிருந்து நின்ற ஒரு பார்வத்தியக்காரர் இருந்தார். அவருக்குக் காது மந்தம் என்று அந்த ஊருக்கே தெரியும். இவர் விஷயத்தைச் சொல்ல, தெரு முழுவதும் எட்டிப் பார்த்தது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசியில் சிலேட்டைப் பிடுங்கி அவர் எழுதிக் கொடுத்தார்: ‘எனக்குக் காது நன்றாகக் கேட்கும். நீர்தான் மெதுவாகப் பேசுகிறீர்.’

மற்ற வீடுகளில் இப்படிச் சிரிக்க முடியவில்லை. மொத்தம் பதினோரு பேரைக் கண்டுபிடித்தார். பெரும்பாலும் பிறவியிலேயே கேட்காதவர்கள். ஸ்லைடைக் கையில் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல மனதோடு சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது கரியில் கீறிய கோடு. “பேச்சு வராத பிள்ளைய எந்த வாத்தியார் சேப்பாரு?” என்று ஒரு தாய் கேட்டாள். அந்தப் பதினோரு பேரில் வாசிக்கத் தெரிந்தவர் பார்வத்தியக்காரர் ஒருவர்தான். அவரோ தனக்குக் காது கேட்கும் என்கிறார்.

கடைசி ஆளையும் பார்த்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை மூலையில் போட்டார். “எழுத்து வந்தா எல்லாம் சரியாவும்ணு இருந்தேன். எழுத்தே தெரியாதவனுக்கு நான் என்னத்தக் காட்ட?” என்றார். 

வருவதாக ஒப்புக்கொண்டது ஒரே ஒருவர், கடியப்பட்டணத்து ததேயுஸ். கோவில் திருவிழாவில் கதினா வெடி போடுகிறவர். ஒரு வருடம் வெடி கிட்டத்திலேயே வெடித்து இரண்டு காதும் போய்விட்டது. அவருக்கும் வாசிக்கத் தெரியாது. கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கையைக் காட்டிப் பேசிப் பழகியவர் என்பதால் இருவரும் கையாலேயே நன்றாகப் பேசிக்கொண்டார்கள். எழுத்து வேண்டாம், படம் போதும், ஆனால் துணைக்கு வருகிறேன் என்று காட்டினார்.

பத்துக்கு ஒன்று என்ற கணக்கோடு போய் நின்றபோது குமாரதாஸ் விரட்டியிருக்க வேண்டும். அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்துக்குக் கூட்டம் குறைந்துவிட்டதால் அவர் வேறு மாதிரி யோசித்தார். ‘காதாலும் கேட்கலாம், கண்ணாலும் வாசிக்கலாம், கடைசி நாள் விசேஷ ஆட்டம்’ என்று நோட்டீஸ் அடித்து, மாட்டுவண்டியில் கொட்டு அடித்துக்கொண்டு ஊர் ஊராக வீசச் சொன்னார்.

அந்தப் படம் புருஷனைக் கொன்றதாகப் பழி சுமந்த ஒரு பெண்ணின் கதை. பாட்டுப் புத்தகம் இப்படி முடிகிறது: ‘நீதிபதி பேனாவை எடுத்தார். தீர்ப்பு என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’

அக்கா நாலு நாள் தொடர்ந்து முதல் ஆட்டம் பார்த்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலையில் அவர் சொல்லச் சொல்ல, முத்துநாயகம் உதட்டைப் பார்த்துக் கண்ணாடியில் கீறினார். நாகர்கோவிலில் ஒரு போட்டோக்காரரிடமிருந்து பழைய கண்ணாடி பிளேட்டுகளை வாங்கி வந்து சோடாக்காரத்தில் ஊறவைத்துச் சுரண்டியிருந்தார். கோர்ட்டுக் கட்டம் வந்ததும் கையைத் தூக்கினார்.

“மதி. இனி உள்ளத நீயே எழுது. எனக்குத் தெரியண்டாம்.”

“எனக்க எழுத்து கோழி கீறினது மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும். எல்லாரும் அறியும்போ நானும் அறியணும்.”

அக்கா நாலாம் வகுப்பு வரை படித்தவர். மூன்று நாள் உட்கார்ந்து கடைசி இருபத்தேழு ஸ்லைடுகளை அவரே எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார்.

மிஷன்காரர்கள் முன்பு ஊர் ஊராக வேதப்படம் காட்டிய பழைய விளக்குப் பெட்டி ஒன்றை ஓர் உபதேசியாரிடம் இரவல் வாங்கினார்கள். உள்ளே பெட்ரோமாக்ஸ் வைத்தால் வேலை செய்தது. படத்தைக் கேட்டு நேரம் பார்த்து ஸ்லைடு மாற்றக்கூடியவர் அக்கா மட்டும்தான். அவரோ ஆண்கள் பக்கம் வர முடியாது. ஆகவே பெண்கள் பக்கத்தில், தட்டியை ஒட்டி ஒரு உயரமான ஸ்டூலில் பெட்டியை வைத்தார்கள். முத்துநாயகம் ஆண்கள் பக்கத்தில் முன் பெஞ்சில் ததேயுஸோடு உட்கார்ந்தார். நான் நாலு வரிசை பின்னால் இருந்தேன். கொட்டகை நிறைந்து, வெளியே வரப்பிலும் ஆட்கள் நின்றார்கள்.

படம் தொடங்கியது. வேட்டியில் முதல் எழுத்து விழுந்தது. முத்துநாயகம் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் எழுத்து என்றால் சத்தமாக வாசிப்பதுதான். வழிபாட்டுத் தாங்கலில் ஏடு வாசித்தாலும், கோவிலில் ஜெபப்புத்தகம் வாசித்தாலும், டீக்கடையில் பேப்பர் வாசித்தாலும், தெரிந்தவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். மனதுக்குள் வாசிப்பதை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே பழகவில்லை. வேட்டியில் எழுத்து விழுந்ததும் முன்னால் மணலில் இருந்தவர்கள் வாசித்தார்கள். பிறகு பெஞ்சில் இருந்தவர்கள். பெண்கள் பக்கத்திலும் இரண்டு மூன்று குரல் கேட்டது. முத்துநாயகம் வாசித்து முடிக்க அவகாசம் வேண்டும் என்று அக்கா ஸ்லைடுகளைக் கொஞ்சம் முன்கூட்டியே போட்டார். அதனால் நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே கொட்டகை அந்த வசனத்தைச் சொல்லிவிட்டது.

முதல் தமாஷ் வந்தபோது அது நன்றாகவே இருந்தது. எழுத்தை வாசித்தவுடன் கொட்டகை முழுவதும் சிரித்தது. முத்துநாயகமும் அதே நேரத்தில் சிரித்தார், ததேயுஸின் தொடையில் ஓங்கி அடித்தார். நான் அதைப் பார்த்தேன்.

பிறகுதான் பின்வரிசையில் தொடங்கினார்கள்.

“ஏலே, வாயை மூடுங்கலே. அவ என்ன சொல்லுதாண்ணு கேக்கட்டு.”

“எழுத்து வந்தா வாசிக்கதுக்கா, மோந்து பாக்கதுக்கா?”

“எனக்க அம்மைக்கு வாசிக்கத் தெரியாது வேய். அவளுக்காக்கும் சொல்லுதேன்.”

“ஒனக்க அம்மைக்குக் காதும் இல்லியா?”

ஒருவரை அடக்க இன்னொருவர் கத்தினார். ஒரு பாட்டு முழுவதும் சண்டையில் போயிற்று. வாசிக்கத் தெரிந்த பையன்கள் யார் முதலில் முடிப்பது என்று போட்டி போட்டார்கள். கதாநாயகி ஜெயிலில் குழந்தையை நினைத்து அழுதபோது ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் பின்னால் இருந்த ஒருத்தி அவர் தோளைத் தட்டி, “ஏட்டி செல்லக்கனி, ஒனக்க மாப்பிளைக்கு வீட்டுல வச்சுக் காட்டு. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல்ல” என்றாள்.

“செவிடன் படம் பாக்கணும்ணா நாங்களும் செவிடனாவணுமா?” என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவன் கத்தினான். கடலைத் தோடு முன் பெஞ்சுக்குப் பறந்தது. அடுத்ததாக மணல்.

ததேயுஸ் எழுத்தைப் பார்க்கவில்லை. அதனால் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. முத்துநாயகத்தின் முழங்கையைத் தொட்டுப் பின்னால் காட்டினார். முத்துநாயகம் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமாக அவர் கொட்டகையில் திரும்பிப் பார்த்தால் மூடிய வாய்களைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது எல்லா வாயும் அசைந்துகொண்டிருந்தது. எல்லாரும் தன்னோடு சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று நினைத்தார். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார், முகம் நிறைந்த சிரிப்போடு.

“செவிட்டுப் பொணம், இரிலே” என்று ஒருவன் சொன்னான். ஈரமணலை உருட்டி எறிந்தான். அது அவர் மார்பில் பட்டது. அதைத் தட்டிவிட்டு, யாரோ விளையாடுகிறான் என்று அவனைப் பார்த்தும் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

கோர்ட்டுக் கட்டம் வந்தது. நீதிபதி பேனாவை எடுத்தார். அக்காவின் மடியில் பிஸ்கட் டின் திறந்திருந்தது. அப்போது வேட்டியில் இருந்த எழுத்து மறைந்தது. விளக்குப் பெட்டி அணைந்துவிட்டது.

நீதிபதி வாயை அசைத்தார். கதாநாயகி கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நம் படங்களில் விடுதலை ஆனாலும் அழுவார்கள், தூக்கு என்றாலும் அழுவார்கள். முத்துநாயகம் திரையையும் இருண்ட வேட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு வருத்தமே இல்லை. “வெளக்குக்க மேன்டில் பொட்டிப் போச்சு, இல்லியா? அடுத்த படத்துக்கு ரெண்டு மேன்டில் கையில வச்சுக்கணும். கண்டியா, ஜனங்க என்ன ஆசையா வாசிச்சானுவண்ணு?” என்று வழி நெடுகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தீர்ப்பை இப்போது சொல்லாதே, இன்னொரு ஆட்டம் கேட்டு வாங்கி மீதியைப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் அவர் தனியாகக் குமாரதாஸிடம் போனார். குமாரதாஸ் சிலேட்டை வாங்கி, இரண்டு பக்கமும் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினார். கூட்டம் எதற்காகக் கத்தியது என்பதை எழுதினார். மணலை ஏன் எறிந்தார்கள் என்பதையும் எழுதினார். கடைசியாக, ‘நான் வந்து அணைப்பதற்குள் உம் மனைவியே காற்றைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள். அவளுக்குப் புத்தி உண்டு’ என்று எழுதினார்.

முத்துநாயகம் வீட்டுக்கு வந்தபோது அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“நீயா அணைச்சே?”

“நாந்தான்.”

“என்னத்துக்கு?”

“ஒங்களை வாயில வராத வார்த்தையெல்லாம் சொன்னானுவ. நீங்க சிரிச்சுக் கும்பிட்டீங்க, தட்டி இடுக்குல கண்டேன். எனக்குப் பாத்துட்டு இரிக்கப் பற்றல்ல, தாங்க முடியல்ல.”

“எனக்குக் கேக்காது இல்லியா? நான் இரிந்திருப்பேன். இருபத்தேழு கண்ணாடிதானே பாக்கி.”

அக்கா மீன் கையோடு முகத்தை மறைத்துக்கொண்டார். முகம் மறைந்துவிட்டதால் அவர் சொன்னது என்ன என்று முத்துநாயகத்துக்குத் தெரியவில்லை. அக்கா கையை எடுக்கும் வரை நின்றார்.

“சத்தம் போட்டு வாசிப்பானுவண்ணு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றார் கடைசியில். “நானும் அப்பிடித்தானே வாசிச்சேன். மறந்தே போச்சு.” பிறகு கேட்டார்: “மொதல்ல ஒரு தமாசுக்குச் சிரிச்சானுவ இல்லியா, அது? அதுவும் என்னைப் பாத்துச் சிரிச்சதா?”

“இல்ல. அது படத்துக்குச் சிரிச்சது.”

அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. நான் போய் அவர் சிலேட்டில், ‘நான் அங்கே இருந்தேன். அது படத்துக்குச் சிரித்ததுதான்’ என்று எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிலேட்டைத் துடைத்தார்.

இடவப்பாதி மழைக்கு முன் குமாரதாஸ் கொட்டகையைப் பிரித்துவிட்டார். எழுத்து என்ற பேச்சை முத்துநாயகம் மறுபடியும் எடுக்க அவர் விடவில்லை. கொட்டகையைப் பிரிப்பதற்கு முந்தின வாரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஸ்லைடு எழுத வேண்டியிருந்தது, கண்ணாடி தேவைப்பட்டது. முத்துநாயகம் முற்றத்தில் வாளியை வைத்துக்கொண்டு எல்லா ஸ்லைடுகளையும் கழுவ உட்கார்ந்தார். தான் எழுதியவற்றை முதலில் கழுவினார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து, அக்கா எழுதிய இருபத்தேழையும் எழுத்து தன் கண்ணில் படாமல் கீழே இருக்கும்படி திருப்பித் திருப்பித் தண்ணீருக்குள் விட்டார்.

அக்கா ஓடிவந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். “வாசிச்சுட்டுக் கழுவுங்க. இல்லாட்டா நான் சொல்லுதேன். தீர்ப்புல அவளுக்கு என்ன ஆச்சுண்ணு நான் சொல்லுதேன்.”

முத்துநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். உதடு அசையத் தொடங்கியதும் கண்களை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடிவிட்டால் அவருக்கு ஒன்றையும் சொல்ல முடியாது. அக்கா பேசியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கண்ணை மூடியிருந்த முத்துநாயகத்தின் கை வாளிக்குள் ஒவ்வொரு கண்ணாடியாகத் தடவித் துடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கறுப்பாகிவிட்டது.